பாரம்பரியம் என்று நான் எழுதிய கார்ப் பாட்டு

ஒருவருடைய பாட்டை, அவர் சொன்னதைவிட மரியாதையான சொற்களில் எழுதிக் கொடுப்பது உதவியா, அவமதிப்பா? இந்தக் கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒக்லாந்தின் வடமேற்கே மாசி என்ற புறநகரில், ஒரு வீட்டுக் கராஜுக்குள் மடிப்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மனிதர் இதையே என்னிடம் வேறு சொற்களில் கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் நான் உடனே ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் சமூகவியலில் பட்டம் பெற்று வந்திருந்தேன். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், பிறருடைய சரிந்த வேலிகளையும் நனைந்த கம்பளங்களையும் பற்றிய கோரிக்கைகளைக் கோப்புகளில் ஒழுங்குபடுத்தும் வேலை. சனிக்கிழமைகளில், சான்ட்ரிங்ஹாமில் நான் வாடகைக்கு இருந்த பிளாட்டின் குசினி மேசையில் வேறொரு வேலை நடக்கும். எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். விசா, அரசாங்க வீடு, பள்ளிக்கூட அனுமதி என்று எது வந்தாலும், பிளாஸ்டிக் பையில் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் முதலில் கையெழுத்திடுவார்கள். பிறகு, "மிச்சத்தை நீங்கள் பார்த்து எழுதுங்கோ" என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெற்றுப் படிவத்தின் அடியில் இடப்பட்ட அந்தக் கையெழுத்தை நான் நம்பிக்கையின் அடையாளமாக மட்டுமே கண்டேன். அலுவலகங்கள் எதைக் கேட்க விரும்புகின்றன என்பது எனக்குத் தெரியும் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிச் செயலாளரும் நானே. ஆண்டுவிழா நிரலைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. கடவுள் வாழ்த்து, வாய்ப்பாட்டு, வீணை, பரதநாட்டியம், பேச்சு, பிறகு இராப்போசனம் என்பது ஒழுங்கு. சாப்பாட்டுக்குப் பின், பெண்கள் சோற்றுச் சட்டிகளைக் கழுவவும் ஆண்கள் கதிரைகளை அடுக்கவும் தொடங்கிய பிறகு, 'மெல்லிசை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு உரியவர்தான் கராஜில் என்னிடம் கேள்வி கேட்டவர்.

அவர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். விபத்தில் நசுங்கிய கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது தொழில். ஊரில் கோயில் பாடற்குழுவில் கிற்றார் பழகி, இருபது வயதுக்கு முன்னரே பொப் குழு ஒன்றில் பாடியிருக்கிறார். இங்கே அவருடன் கீபோட் வாசித்தவர் சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வேலை செய்தார். தாளத்துக்கு ஒரு மின் இயந்திரம். பிறந்தநாள், பூப்பு நீராட்டு, தேவாலய முதல்நன்மை விழா, கலியாண வரவேற்பு என்று இருவரும் ஒரு பழைய வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த ஆண்டு யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மழையில் நனைந்த சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு இருவரும் என் குசினிக்குள் வந்தார்கள்.

"தங்கச்சி, இங்கத்தைய கவுண்மேந்து பாட்டுக்குக் காசு குடுக்குதாம். மெய்யோ?" என்றார் பாடகர்.

"பாட்டுக்கோ?"

"ஓம். பொப் பாட்டுக்கு. என்னட்டை வான் திருத்த வந்த வெள்ளைக்காரப் பெடியன் சொன்னவன். அவன் ட்ரம்ஸ் அடிக்கிறவன். ரெக்கோட் பண்ணுறதுக்குக் குடுத்தவையாம்."

நான் அவரைப் பார்த்த பார்வையைக் கீபோட்காரர் கவனித்துவிட்டார். "மேடம் மூஞ்சியப் பாருங்கண்ணே. நம்ம ரெண்டு பேரையும் பாத்தா அரசாங்கம் காசு குடுக்கும்னு அவங்களுக்குத் தோணவே இல்ல."

மெய்தான். அடுத்த வாரம் மதிய உணவு நேரங்களில் விசாரித்தேன். தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் அப்போது ஒலிபரப்புக்கென்று ஆண்டுக் கட்டணம் ஒன்றைச் செலுத்தின. பெரும்பாலான பண்பலை நிலையங்கள் தனியார் கையில் இருந்தன. அவை அமெரிக்கப் பாட்டுகளையும் ஆங்கிலேயப் பாட்டுகளையுமே நாள் முழுவதும் ஓட்டின. சொந்த நாட்டுப் பாட்டு சொந்த நாட்டு வானொலியில் ஒலிக்கவில்லை என்ற முறைப்பாடு பத்திரிகைகளில் அடிக்கடி வரும். நிலையங்களைச் சட்டம் போட்டு வற்புறுத்த வேண்டும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அரசு வற்புறுத்தக்கூடாது, நல்ல பதிவுகளைச் செய்ய உதவினால் போதும், நிலையங்கள் தாமாகவே வாங்கிப் போடும் என்றார்கள் மறு சாரார். அப்போது இரண்டாவது வழியே நடைமுறையில் இருந்தது. அந்த வழியில் இயங்கிய சிறு திட்டம் ஒன்றின் படிவத்தைத்தான் வான் திருத்த வந்த இளைஞன் அவரிடம் கொடுத்திருந்தான்.

மூன்று நிமிடப் பொப் பாட்டை ஒரு பாலத்தையோ நீர்க்குழாயையோ போல் பொதுத்தேவையாகக் கருதும் அரசை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வந்த நாட்டில் அரச வானொலி கலைஞர்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும். சாஸ்திரிய சங்கீதம் மேற்படியில் இருக்கும். மெல்லிசை அதற்குக் கீழே. பொப், நேரத்தை நிரப்ப. அந்த ஏணி என் தலைக்குள்ளும் இருந்தது. அதை நான் அறிவு என்று நினைத்திருந்தேன்.

படிவம் நிரப்ப வந்த நாளில் பாடகர் ஒரு கசெற்றையும் கொண்டுவந்தார். கராஜில் சாதாரண ரேடியோ ரெக்கோடரில் பதிந்தது. பாட்டு ஒரு காரைப் பற்றியது. இந்த நாட்டில் ஒவ்வொரு காரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குப் போகவேண்டும்; தேறினால் கண்ணாடியில் 'வாரண்ட்' என்ற ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அவர் பாடினார்:

ஆறு மாசத்துக்கு ஒருக்கா
என்ர காருக்கு ஒரு சோதினை
லைட்டும் எரியுது பிரேக்கும் பிடிக்குது
பிறகென்ன உனக்கு வேதனை

ஒவ்வொரு அடிக்கும் பின் ஒரு இளம் பெண்குரல் ஆங்கிலத்தில் பதில் பாடியது: பறவாயில்லை அப்பா, அடுத்த மேடு வரைக்கும் ஓடும், அதற்குப் பிறகு இறங்கித் தள்ளுவோம். அது அவருடைய மகள். பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி ஆண்டு. வீட்டில் அவர் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பாட்டிலும் அதுவே நடந்தது.

"பிள்ளை பெப்ரவரியிலை டனீடனுக்குப் படிக்கப் போறா," என்றார். "எங்கட ஹோல் விழாவிலை பாடச் சொன்னால் செத்தாலும் மாட்டன் எண்டவ. உண்மையான ரெக்கோடிங் எண்டால், ரேடியோவிலை வருமெண்டால், பாடுறனெண்டு சொல்லியிருக்கிறா. இந்த வருசம் விட்டால் பிறகு எங்கை, தங்கச்சி."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மகள் வீட்டைவிட்டுப் போகுமுன் இரண்டு குரலும் ஒரே நாடாவில் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும்.

படிவத்தில் அரைப் பக்க இடம் விட்டு ஒரு கேள்வி: உங்கள் படைப்பை விவரியுங்கள். உங்கள் சமூகத்தில் அதன் இடம் என்ன?

"என்ன எழுத, அண்ணை?" என்று கேட்டேன்.

"இது கார்ப் பாட்டு. கேட்டால் சனம் ஆடும். மகளும் நானும் பாடுறம். வேறை என்ன இருக்கு?"

"மேடம், 'சனம் ஆடும்'கிறத பெரிய எழுத்துல போடுங்க," என்றார் கீபோட்காரர்.

பாடகர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். மிச்சத்தைப் பார்த்து எழுதும்படி என்னிடம் சொன்னார். சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு இருவரும் போனார்கள்.

நான் எழுதினேன். 'சனம் ஆடும்' என்று ஒரு அரசு அலுவலகத்துக்கு எழுதுவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று எனக்குத் தோன்றியது. தென்னாசியாவின் தொன்மையான நாட்டார் மரபிலும் பக்தி மரபிலும் வேரூன்றிய பாடல் இது என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். வாகனம் மனித உடலைக் குறிக்கிறது. ஆறு மாதச் சோதனை இறுதித் தீர்ப்பைக் குறிக்கிறது. மகளின் குரல் ஆன்மாவின் குரல். புலம்பெயர்ந்த ஒரு சமூகம் தன் பாரம்பரியத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் முயற்சி என்று முடித்தேன். எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பிறகு அப்படி ஒரு பத்தியை எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை. அதில் ஒரு வரியாவது அவருடைய வாயிலிருந்து வந்ததா என்று நான் என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் பதில் வந்தது. ஞாயிறு பின்னேரம் மாசியிலிருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார் பாடகர். இரண்டு பஸ் மாறிப் போனேன். கராஜின் பெரிய கதவு திறந்திருந்தது. கீபோட்காரர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் கால்களைத் தொங்கவிட்டபடி இருந்தாள். என்னை மடிப்புக் கதிரையில் இருத்தினார்கள்.

கடிதம் பண்பாக எழுதப்பட்டிருந்தது. இத்திட்டம் வெகுசன இசைக்கானது. உங்கள் படைப்பு பாரம்பரியக் கலை சார்ந்தது என்பதால் இங்கே பரிசீலிக்க இயலவில்லை. எனினும், கோடையில் பூங்கா ஒன்றில் நடக்கவிருக்கும் பல்லினக் கலைநாளின் அமைப்பாளர்கள் உங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கத் தயாராக இருக்கிறார்கள். மரபு உடையும் மரபு வாத்தியங்களும் விரும்பத்தக்கவை. அதனுடன் எங்கள் விண்ணப்பத்தின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது.

"பாரம்பரியமாம்," என்றார் பாடகர். "என்ர பாட்டோ? போன வருசம் வாரண்ட் ஃபெயிலாகின ஆத்திரத்திலை எழுதினது."

"மரபு வாத்தியத்துக்கு எங்கண்ணே போறது? இந்த கீபோர்டுக்கு ஒரு வேட்டி கட்டி விட்டுரலாம்," என்றார் கீபோட்காரர்.

மகள் பிரதியைக் கையில் எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள். வாகனம் மனித உடலைக் குறிக்கிறது என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பனுக்குப் புரியும்படி, "அப்பா, கார் இஸ் யுவர் பொடி," என்று அவருடைய வயிற்றைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

"சோதினை?" என்று கேட்டார் அவர்.

"கடவுளின் தீர்ப்பு," என்று நான் தமிழில் சொன்னேன்.

"ஐயோ, நம்ம பாட்டு சாமி பாட்டாயிடுச்சே!" என்று கீபோட்காரர் தரையில் குந்திவிட்டார்.

மகள் அடுத்த வரியை வாசித்தாள். தன் குரல் ஆன்மாவின் குரல் என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டதும் வாசிப்பை நிறுத்திக்கொண்டாள். "இது நான் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கடதாசியைத் தகப்பனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, வாசிக்க முயலாமல் இரண்டாக மடித்தார். சிரிப்பு அடங்கியிருந்தது.

"தங்கச்சி," என்றார். "எங்கட பாட்டு உங்களுக்கு வெக்கமாக் கிடந்ததோ?"

நான் இல்லை என்றேன். உதவவே எழுதினேன் என்றேன். அரசு அலுவலகங்கள் பண்பாடு, மரபு போன்ற சொற்களை மதிக்கும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், உதவிதான். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கேட்டது வேறை."

ஒவ்வொரு விழாவிலும் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தட்டச்சு செய்த அந்த ஒற்றை வரி அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. கராஜிலும் அதைக் குறிப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எடுத்து, எல்லர்ஸ்லியிலிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் போனேன். திட்டத்தின் அலுவலகம் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். மேசை, சன்னல் விளிம்பு, தரை எங்கும் கசெற்றுகளை அடுக்கி வைத்திருந்தார். விவரணத்தை எழுதியது நான், பாடகருக்கு அதில் ஒன்றும் தெரியாது, அது பிழை, இது வெறும் கார்ப் பாட்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கசெற் அடுக்கின் பக்கம் திரும்பினார். "காரா? அந்தக் கசெற் உங்களுடையதா?" என்று கேட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார். குழுவினர் விண்ணப்பத்தை முதலில் வாசித்திருக்கிறார்கள். பிறகு நாடாவைப் போட்டதும் கிற்றாரும் தாள இயந்திரமும் கேட்டிருக்கின்றன. நாடா மாறி உறைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தார்களாம். "ஒருவர் அதை இரண்டாம் முறை போடச் சொன்னார். மேசையில் தாளம் தட்டினார். யாருடையதோ தெரியவில்லை, நல்ல பாட்டு என்றார். ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்த பாட்டு அது அல்ல என்று முடிவு செய்தோம்."

காதுக்கும் கடதாசிக்கும் முரண்பாடு வந்தபோது கடதாசியை நம்பியிருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. நானும் அலுவலகத்தில் அதையே செய்பவள்.

இந்தச் சுற்றில் மீண்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார், தெரிவு முடிந்துவிட்டது, அடுத்த சுற்று மார்ச்சில். மகள் பெப்ரவரியில் போய்விடுவாள் என்று சொன்னேன். அவர் வருந்தினார், விதியை மாற்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பலவாறாக எண்ணிப் பார்த்தேன். எனக்காக விதியைத் தளர்த்தியிருந்தால், தெரிவான வேறு யாரோ ஒருவர் தம் இடத்தை இழந்திருப்பார். அவருக்கும் ஒரு பெப்ரவரி இருந்திருக்கக்கூடும். முடிவு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நியாயத்தின் பாரத்தைச் சுமக்கப்போவது பிழை விட்ட நான் அல்ல என்பதுதான் உறுத்தியது.

அன்று மாலையே மாசிக்குத் தொலைபேசினேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ," என்றார் பாடகர். "ரெண்டாந்தரம் போட்டவையோ?"

"ஓம்."

"மேசையிலை தட்டினவரோ?"

"ஓம், அண்ணை."

அவர் ரிசீவரை விலக்கி வீட்டுக்குள் கூவுவது கேட்டது. அடுத்த சனிக்கிழமை கீபோட்காரர் அதற்குத் தன் தீர்ப்பைச் சொன்னார்: "அப்ப நம்ம பாட்டு பாஸ். மேடம் எழுதுனதுதான் ஃபெயில். ஆறு மாசம் கழிச்சு மறுபடி கொண்டு வாங்க மேடம், பாப்போம்."

மேசையில் தட்டியவரின் கதை மகளிடம் எப்படி வேலை செய்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உண்மையான ரெக்கோடிங் என்ற தன் நிபந்தனையைத் தளர்த்தியவள் அவள்தான். கராஜில் என்றாலும் பறவாயில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும், போவதற்கு முன் செய்யவேண்டும் என்றாளாம். வான் திருத்த வந்த ட்ரம்ஸ் இளைஞன், நான்கு குரல்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய ரெக்கோடர் ஒன்றை இரவல் தந்தான்.

இங்கே நடுக்கோடையான யனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் பதிவு நடந்தது. சுவர்களில் மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். தகரக் கூரை வெயிலில் காய்ந்து, கதவை மூடியதும் உள்ளே மூச்சு முட்டியது. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வெளியே தெருவில் நின்று, புல்வெட்டும் இயந்திரம் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துக் கதவில் இரண்டு முறை தட்டுவது. புல்வெட்டுபவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடம் பொறுத்தார்கள். ஆனால் பின்வளவு மரங்களில் சிள்வண்டுகள் விடாமல் கத்தின. அவற்றை நிறுத்த வழியில்லை. மூன்று முறை பதிந்து பார்த்தும் மகளின் குரலுக்குப் பின்னால் அவை இருந்தன. நான்காம் முறை பாடகர், "கத்தட்டும், அதுகளும் இந்த ஊர்ச் சனம்தானே," என்று சொல்லிப் பாடத் தொடங்கினார். அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

பெப்ரவரியில் அவள் நாட்டின் தெற்கே தொலைவிலிருக்கும் டனீடனுக்குப் போனாள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை; அது குடும்பத்தின் காரியம்.

மார்ச் சுற்றுக்கு மீண்டும் விண்ணப்பித்தோம். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கார்ப் பாட்டு, கேட்டால் சனம் ஆடும், மகளும் நானும் பாடுகிறோம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அரைப் பக்க இடத்தில் மூன்று வரிகள் மட்டும் இருந்தன. எழுதியதை அவருக்குத் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டினேன். "ஓம், சரி," என்ற பிறகே கையெழுத்துக்குப் பேனையைக் கொடுத்தேன்.

குளிர்காலத்தில் பதில் வந்தது. குழுவுக்குப் பாட்டுப் பிடித்திருந்தது. ஆனால் இத்திட்டத்தின் நோக்கம் பண்பலை நிலையங்கள் ஒலிபரப்பக்கூடிய பாட்டுகளைப் பதிவுசெய்ய உதவுவது. விசாரித்த நிலையங்கள், பெரும்பகுதி ஆங்கிலம் அல்லாத பாட்டைத் தங்கள் நேரத்தில் போட முடியாது என்று தெரிவித்துவிட்டன. ஆகவே வருந்துகிறோம்.

கடிதத்தை அவருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முன்பு வந்ததைவிட இது கடினமான கடிதம் என்று நான் நினைத்தேன். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த முறை என்ர பாட்டுக்குத்தான் இல்லையெண்டு சொல்லியிருக்கினம்," என்றார். "போன முறை உங்கட பாட்டுக்கு."

எனக்கு அது போதவில்லை. சொந்த நாட்டுப் பாட்டை நிலையங்கள் போடுவதில்லை என்பதற்காக உருவான திட்டம், எதற்கு உதவுவது என்பதை அதே நிலையங்களின் விருப்பத்தைக் கொண்டு முடிவு செய்தால், எந்தக் குறையைத் தீர்க்க வந்ததோ அதற்கே சாவியைக் கொடுத்ததாகாதா? இரண்டு பக்கத்தில் இதை எழுதி, அவருடைய பெயரில் அல்லாமல் என் பெயரில் அனுப்பினேன். எதிர்வாதமும் எனக்குத் தெரிந்தே இருந்தது. யாரும் போடாத பாட்டுகளைப் பதிந்து அலுமாரியில் அடுக்குவதால் யாருக்கும் பயனில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர்கள் கேட்கப்படும் பாட்டையே தேடுவார்கள். அதையும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

பாட்டு கடைசியில், பல மொழியினரும் முறைவைத்து நிகழ்ச்சி நடத்தும் ஒரு சமூக வானொலியில், ஞாயிறு காலைத் தமிழ் மணித்தியாலத்தில் ஒலித்தது. மாசியில் கராஜ் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்களாம். அந்த அலை ஒக்லாந்தைத் தாண்டாது. டனீடனில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. அவர் கசெற் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். இரண்டு வாரத்துக்குப் பின் அவள் தொலைபேசியில் அழைத்து, விடுதியில் கூட இருக்கும் பிள்ளைகள் 'சோதினை, வேதனை' என்று பாடிக்கொண்டு திரிகிறார்கள், தன்னால் அவர்களை நிறுத்த முடியவில்லை என்று முறையிட்டாள். அவர் இதை என்னிடம் சொன்னபோது மகிழ்ச்சியை மறைக்கச் சிறிதும் முயலவில்லை. சிள்வண்டு கேட்குதோ என்று விசாரித்ததாகவும், கேட்குது என்று அவள் சொன்னதாகவும் சொன்னார்.

அதன் பிறகு, என் குசினி மேசையில் எவரும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட நான் விடவில்லை. சிலர் இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அந்த ஆண்டு சங்க விழாவின் நிரலில் அவர்களுடைய பாட்டு, இராப்போசனத்துக்கு முன், ஆறாவது இடத்தில் இருந்தது. 'மெல்லிசை' என்று எழுதாமல், 'கார்ப் பாட்டும் பிற பொப் பாட்டுகளும்' என்று தட்டச்சு செய்திருந்தேன்.